ரியோலிகளின் ஊர் லீக்: திவி தீவுகளில் ஃபுட்டி

கேள்வி இதுதான்: "மெல்போர்னுக்கு வந்ததிலிருந்து ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்தான 'ஃபுட்டி'யின் தேசிய லீக்) பார்க்கிறேன். ரியோலி என்ற குடும்பப் பெயர் வெவ்வேறு அணிகளில் வந்துகொண்டே இருக்கிறது. யாரைக் கேட்டாலும் 'திவி தீவுகள்' என்கிறார்கள். அங்கே தனியாக ஒரு லீக் இருக்கிறதாமே? அதன் வரலாறு என்ன, என்னென்ன கிளப்புகள், அவ்வளவு சின்ன இடத்திலிருந்து எப்படி இத்தனை பேர்?"

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்பார்கள். பத்திரிகைகளும் அதையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. அதற்கு நேரடியாகப் பதில் சொல்ல இறங்கினால் 'ரத்தத்திலேயே ஊறியது', 'மாயாஜாலம்' என்று போய் முடியும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. லீக்கையும் கிளப்புகளையும் ஒழுங்காகப் பார்த்தால் 'எப்படி' என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் இடம். வட ஆஸ்திரேலிய நகரமான டார்வினிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் கடல் தாண்டினால் பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். நடுவில் ஆப்ஸ்லி ஜலசந்தி, பார்த்தால் ஓர் ஆறு போலத்தான் இருக்கும். மெல்வில், டாஸ்மேனியாவுக்கு அடுத்தபடியாக ஆஸ்திரேலியாவின் பெரிய தீவு. ஆனால் இரண்டு தீவிலும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 2,500தான். பெரும்பாலோர் பாதர்ஸ்ட் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் வுருமியங்காவில் இருக்கிறார்கள். 2010 வரை அதன் பெயர் நுயூ. பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். மெல்வில் பக்கம் பிர்லங்கிம்பி, மிலிகாபிட்டி என்று சில நூறு பேர் வாழும் இரண்டு ஊர்கள். பாதர்ஸ்ட்டின் மேற்கே வுரங்குவு என்று ஒரு சிற்றூர், சுருக்கமாக ரங்கு. நிலம் முழுக்க திவி மக்களுடையது. 1976-ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்துக்குப் பிறகு திவி நிலக் கவுன்சில் அதை நிர்வகிக்கிறது. வெளியார் போக அனுமதி வாங்க வேண்டும்.

ஆட்டத்தை நீங்களே பார்த்துக்கொண்டிருப்பதால் விதிகளை நீட்டவில்லை. கூடப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: முட்டை வடிவப் பந்து, நீள்வட்டமான பெரிய மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. உதைத்து வரும் பந்தைக் கீழே விழாமல் பிடித்தால் மார்க், நின்று நிதானமாக உதைக்கலாம். பந்தை எறியக்கூடாது, முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி வரலாறு. 1824-இல் பிரிட்டிஷார் மெல்வில் தீவில் டண்டாஸ் கோட்டை என்று ஒரு குடியிருப்பு போட்டார்கள். நோய், பட்டினி, திவி மக்களின் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து ஐந்தே ஆண்டில், 1829-இல், மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து நிலையாக வந்தவர்கள் கத்தோலிக்கர்கள்: 1911-இல் பிரான்சிஸ் சேவியர் க்ஸெல் என்ற பாதிரியார் பாதர்ஸ்ட் தீவில் மிஷன் தொடங்கினார். அந்த மிஷனுக்கு வந்த சகோதரர் ஜான் பை என்பவர்தான் 1941-இல் பையன்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். ஆஸ்திரேலியக் கால்பந்தே பழங்குடி மக்களின் பழைய பந்து விளையாட்டிலிருந்து வந்ததா என்று ஒரு பெரிய சர்ச்சை உண்டு. அது விக்டோரியா மாநிலத்தைப் பற்றிய சர்ச்சை. திவி தீவுகளைப் பொறுத்தவரை ஆட்டம் எப்போது, யார் கையில் வந்து இறங்கியது என்பதில் சந்தேகமே இல்லை. கற்றுக்கொண்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் கதை.

அப்புறம் யுத்தம். 1942 பிப்ரவரி 19 அன்று டார்வின்மேல் குண்டு போட வந்த ஜப்பானிய விமானங்களைப் பாதர்ஸ்ட் மிஷனிலிருந்த பாதிரியார் முன்கூட்டியே பார்த்து ரேடியோவில் எச்சரித்தார். டார்வினில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சுடப்பட்டு மெல்வில் தீவில் விழுந்த விமானத்தின் ஜப்பானிய விமானியைப் பிடித்தவர் மத்தியாஸ் உலுங்குரா என்ற திவிக்காரர். ஆஸ்திரேலிய மண்ணில் பிடிபட்ட முதல் ஜப்பானியப் போர்க்கைதி அந்த விமானிதான். கால்பந்துப் பதிலில் இது எதற்கு என்றால், யுத்தத்துக்குப் பிறகுதான் திவி ஆண்கள் வேலைக்காக டார்வினுக்குப் போகவர ஆரம்பித்தார்கள். ராணுவ முகாம்களில் வேலை, சனிக்கிழமை சும்மா இருக்க முடியாது, ஆட ஒரு கிளப் வேண்டும்.

டார்வினில் லீக் 1916-17 பருவத்திலிருந்தே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் யாரெல்லாம் ஆடலாம் என்பதில் நிறம் பார்க்கப்பட்டது. 1920-களில் ஒரு கட்டத்தில் வெள்ளையர் அல்லாதவர்களை வெளியே நிறுத்தியதே உண்டு. இந்தப் பின்னணியில் 1952-இல் செயின்ட் மேரிஸ் கிளப் பிறந்தது, முக்கியமாக திவி ஆட்டக்காரர்களுக்காக. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் டெட் ஈகன். பின்னாளில் பாடகராகப் பெயர் வாங்கி, அதற்கும் பிறகு, டார்வினைத் தலைநகராகக் கொண்ட வடக்குப் பிரதேசத்தின் நிர்வாகியாகவே (ஆளுநர் போன்ற பதவி) ஆனவர். பச்சையும் தங்கமும் கலந்த அந்தச் சட்டை இரண்டு மூன்று வருடங்களுக்குள் கோப்பை வென்றது. இன்றுவரை டார்வினில் அதிகக் கோப்பைகள் வைத்திருக்கும் கிளப்புகளில் ஒன்று. தீவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருந்த கதவு அதுதான்.

அந்தக் கதவு வழியாக முதலில் தெற்கே போனவர் டேவிட் கண்டிலா. உயரமானவர், நடுவரிடமிருந்து வரும் பந்தைத் தாவித் தட்டும் ரக் ஆட்டக்காரர். 1961-இல் அடிலெய்டுக்குப் போய் சவுத் அடிலெய்டு கிளப்பில் சேர்ந்தார். சேர்ந்த வருடமே கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர், அடுத்த வருடமும் அவரே. 1963-இல் கடைசி இடத்தில் இருந்த சவுத் அடிலெய்டு 1964-இல் கோப்பையை வென்றது. அந்த அணியில் கண்டிலா இருந்தார். அந்தக் கிளப் அதற்குப் பிறகு இன்னொரு கோப்பை வென்றதில்லை. பழங்குடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்த 1967 பொதுவாக்கெடுப்புக்கு முந்தைய காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். தீவிலிருந்து வந்த ஓர் இளைஞர் வெள்ளைக்கார நகரத்தில் வாராவாரம் ஆயிரக்கணக்கானோர் முன் ஆடி, அவர்களுக்குப் பிடித்தவராகவும் ஆகிறார். ரியோலி பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாமல் போனது எனக்கு எப்போதுமே ஒரு குறை.

இத்தனைக்கும் பிறகுதான், 1969-இல், திவி தீவுகள் கால்பந்து லீக் முறையாகத் தொடங்குகிறது. கவனிக்க: தீவிலிருந்து ஆட்டக்காரர் வெளியே போய் ஜெயித்தது முதலில், தீவுக்கென்று ஒரு லீக் வந்தது பிறகு. அதனால் 'ஏ.எஃப்.எல்.லுக்கு ஆள் தயார் செய்யும் நாற்றங்கால்' என்று இதைச் சொல்வது வரலாற்றுப்படியே பொருந்தாது. தங்களுக்குள் ஆடிக்கொள்ள அவர்கள் கட்டிக்கொண்ட லீக் இது. திவி டிசைன் என்ற ஓவியக் கூடமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் அங்கே தொடங்கியது. மிஷன் காலம் முடிவை நெருங்கி, திவி மக்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்த ஆரம்பித்த சமயம்.

கிளப்புகளுக்கு வருவோம். காலத்துக்குக் காலம் எண்ணிக்கை ஏறி இறங்கும், ஆனால் சமீபத்திய பத்து இருபது வருடங்களில் நிலையாகக் காதில் விழும் பெயர்கள் ஏழு: இமாலு டைகர்ஸ், டூயு பஃபலோஸ், முலுவுரி மேக்பைஸ், தபலிங்கா சூப்பர்ஸ்டார்ஸ், புமரலி தண்டர், ரங்கு ஈகிள்ஸ், வலாமா புல்டாக்ஸ். முன்பாதி திவி, பின்பாதி பெரும்பாலும் மெல்போர்ன் டிவியிலிருந்து வந்தது. டைகர்ஸ் என்றால் ஏ.எஃப்.எல். அணியான ரிச்மண்டின் மஞ்சள் கறுப்பு, மேக்பைஸ் என்றால் காலிங்வுட்டின் கறுப்பு வெள்ளை. ஆஸ்திரேலியாவின் ஊர்ப்புற லீக்குகள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். எந்த மூலைக்குப் போனாலும் ஒரு டைகர்ஸ், ஒரு மேக்பைஸ் இருக்கும். சூப்பர்ஸ்டார்ஸ் மட்டும் யாரிடமும் கடன் வாங்காத பெயர், அந்தத் தன்னம்பிக்கைக்காகவே எனக்குப் பிடிக்கும். பஃபலோ தீவுக்கு வந்தது தனிக் கதை: மேலே சொன்ன டண்டாஸ் கோட்டைக்காரர்கள் தீமோரிலிருந்து எருமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மனிதர்கள் ஐந்து வருடத்தில் ஓடிவிட்டார்கள், எருமைகள் தங்கிவிட்டன. இன்று திவி நடனங்களிலேயே எருமை நடனம் என்று ஒன்று இருக்கிறது.

மற்ற லீக்குகளில் கிளப் என்றால் ஓர் ஊர். பக்கத்து ஊர்க்காரனோடு பகை, அதில்தான் சுவாரசியம். இங்கே ஊர்களே மூன்று நான்கு, அதில் பெரிய ஊருக்குள்ளேயே பல கிளப்புகள். அதனால் யார் எந்தச் சட்டை போடுவது என்பதைத் தெருவோ வீட்டு முகவரியோ மட்டும் முடிவு செய்வதில்லை, குடும்பமும் உறவும் முடிவு செய்கின்றன. திவி சமூகத்தில் சூரியன், கல், மடவை மீன், தாழை என்று நான்கு குலப் பிரிவுகள் உண்டு, குலம் தாய்வழியில் வருவது. யார் யாரைக் கட்டலாம், யார் யாருக்கு என்ன முறை, துக்க வீட்டில் யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதையும் அப்பா வழி உறவையும் வைத்துத்தான். நம் ஊர் முறைமாமன் கணக்கெல்லாம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது மெல்போர்ன் பத்திரிகையாளர்களைவிடச் சுலபம். மைதானத்தில் எதிரே நிற்பவன் மச்சானாக இருப்பான், முட்டி மோதி எழுந்த பிறகு சாயங்காலம் ஒரே வீட்டில் சாப்பாடு. ஒரு மரணம் நேர்ந்தால் ஆட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள். புகுமணி என்ற அவர்களுடைய ஈமச் சடங்குகள் பெரியவை, நாள் பிடிப்பவை, செதுக்கி வண்ணம் தீட்டிய கம்பங்கள் நடுவார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற விலக்கும் உண்டு. போட்டி அட்டவணை இவற்றுக்கெல்லாம் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும், விடுகிறது.

மக்கள்தொகையில் சுமார் 35 சதவீதம் பேர், அதாவது 900-க்கும் மேல், கால்பந்தில் பங்கெடுக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எங்கும் சொல்லப்படும். ஆஸ்திரேலியாவிலேயே இதுதான் அதிகம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். யாரையெல்லாம் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் கூடும் குறையும். ஆனால் அளவு தவறில்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்துவிட்டால், ஓட முடிந்த ஆண்களில் ஆடாதவரைத் தேட வேண்டியிருக்கும்.

பருவமும் தலைகீழ். மெல்போர்னில் ஃபுட்டி என்றால் குளிர்காலம், மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடியும். டார்வினிலும் திவியிலும் அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச்சில் முடிப்பார்கள். காரணம் மண். அங்கே கோடை, குளிர் என்ற கணக்கு இல்லை, மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டே. வறண்ட மாதங்களில் தரை கல்லாக இறுகிக் கிடக்கும், விழுந்தால் தோல் உரியும். மழை இறங்கினால்தான் புல் எழும்பும், தரை இளகும். ஆகவே பருவமழை கொட்டும் மாதங்களில், முப்பது டிகிரிக்கு மேல் புழுக்கத்தில், ஆட்டம். புயல் எச்சரிக்கை வந்தால் அது வேறு.

ஆட்ட பாணி என்று எல்லாரும் வியப்பதன் பாதி விளக்கம் இந்த மழையில் இருக்கிறது. நனைந்த பந்து சோப்புக் கட்டி மாதிரி, தலைக்குமேல் தாவிப் பிடிப்பது பாதி நேரம் நடக்காது. பந்து தரையில் விழுந்து கோணல்மாணலாகத் துள்ளும்; முட்டை வடிவப் பந்து எப்படித் துள்ளும் என்று அதற்கே தெரியாது. அந்த நேரத்தில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி எடுத்து நிமிர்ந்து யோசிக்கிறவன் அதற்குள் அமுக்கப்பட்டிருப்பான். திவிப் பையன்கள் அள்ளுவதே இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கையால் தட்டிவிடுவார்கள், தட்டிய பந்து தானே ஓடிவந்து சேரும் இடத்துக்கு இன்னொருவன் ஏற்கெனவே கிளம்பியிருப்பான். காலாலேயே தரையோடு உதைத்து முன்னால் தள்ளுவதும் உண்டு. பழைய படங்களில் பார்த்தால் பெரும்பாலோர் வெறுங்கால். பூட்ஸ் இல்லாதது ஒரு காரணம், வெறுங்காலில் திரும்பும் வேகம் இன்னொரு காரணம். இன்னொரு விஷயம், ஒரே ஆட்களோடு சிறு வயதிலிருந்து தினம் சாயங்காலம் ஆடுகிறவர்களுக்கு, அடுத்தவன் எங்கே இருப்பான் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. தலையைத் தூக்காமல் பின்பக்கமாகப் பந்தைக் கொடுப்பதைப் பார்த்து வர்ணனையாளர்கள் 'ஆறாவது அறிவு' என்பார்கள். பத்துப் பதினைந்து வருடப் பழக்கம் அது. மாயாஜாலம் என்று சொல்லிவிட்டால் அவர்களுடைய உழைப்பை நாம் கணக்கில் எடுக்க மறுக்கிறோம் என்று ஆகிவிடும்.

சரி, ரியோலிகள். ஏ.எஃப்.எல். பருவத்தின் இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் 1979-இலிருந்து கொடுக்கிறார்கள். மெல்வில் தீவில் பிறந்த மாரிஸ் ரியோலி, செயின்ட் மேரிஸ், பிறகு பெர்த்தில் சவுத் ஃப்ரீமாண்டில் என்று ஆடி, 1980-இல் அங்கே கோப்பையும் வென்று, 1982-இல் ரிச்மண்டுக்கு வந்தார். வந்த வருடமே கிராண்ட் ஃபைனல். ரிச்மண்ட் கார்ல்டனிடம் 18 புள்ளிகளில் தோற்றது. பதக்கம் மாரிஸுக்கு! தோற்ற அணியிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள், பழங்குடியினரிலும் முதல் ஆள்.

1993-இல் எசெண்டன் கார்ல்டனை வீழ்த்திய கிராண்ட் ஃபைனலில் பதக்கம் மைக்கேல் லாங்குக்கு. அந்தப் பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டவர் மாரிஸ் ரியோலி. முதல் கால் பகுதியிலேயே மைதானத்தின் நடுப் பக்கவாட்டில் பந்தை வாங்கி, தரையில் தட்டித் தட்டி, வந்தவர்களையெல்லாம் தாண்டி ஓடி லாங் போட்ட கோல் இணையத்தில் கிடைக்கும், அவசியம் பாருங்கள். 2015-இல் ஹாதார்ன் வெஸ்ட் கோஸ்ட்டை வென்றபோது அதே பதக்கம் சிரில் ரியோலிக்கு. உறவு முறையைக் கவனியுங்கள்: சிரிலின் அப்பாவும் மாரிஸும் உடன்பிறந்தவர்கள். சிரிலின் அம்மா மைக்கேல் லாங்கின் சகோதரி. அப்பா வழியில் ஒரு பதக்கம், தாய்மாமன் வழியில் ஒரு பதக்கம், மூன்றாவது பையனுக்கே. எந்தப் பெரிய நகரத்துக் குடும்பத்துக்கும் இப்படி அமைந்ததில்லை.

மைக்கேல் லாங்கைத் திவிக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம், ஆனால் கதை அதைவிடக் கசப்பானது. அவர் பெற்றோர் இருவருமே திவி வம்சம் அல்ல. குழந்தைப் பருவத்தில் அரசாங்கத்தால் குடும்பங்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, மெல்வில் தீவில் இருந்த கார்டன் பாயிண்ட் மிஷனில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அந்த மிஷன் இருந்த இடம்தான் இன்றைய பிர்லங்கிம்பி. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று ஆஸ்திரேலியா பின்னால் ஒப்புக்கொண்ட கொள்கையின் பிள்ளைகள். கால்பந்தைக் கொடுத்த அதே மிஷன் ஏற்பாட்டின் மறுபக்கம் இது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட முடியாது. 1995-இல் மைதானத்தில் தன்மேல் வீசப்பட்ட இனவசையை லாங் பொறுத்துக்கொள்ளாமல் புகார் செய்தார். அதன் விளைவாகத்தான் இனவசைக்கு எதிரான விதியை ஏ.எஃப்.எல். கொண்டுவந்தது.

மற்ற ரியோலிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: எசெண்டனுக்கு 100 ஆட்டம் ஆடிய டீன், ரிச்மண்டின் 2017, 2019, 2020 கோப்பைகளில் இருந்து பிறகு கோல்ட் கோஸ்ட்டுக்குப் போன டேனியல், 2018-இல் வெஸ்ட் கோஸ்ட்டோடு கோப்பை வென்ற வில்லி, அப்பா ஆடிய ரிச்மண்டிலேயே சேர்ந்த இளைய மாரிஸ். ரியோலி அல்லாதவர்களில் ஜீலாங்கின் ரானி பர்ன்ஸ், மெல்போர்ன் அணியின் ஆஸ்டின் வோனியாமிரி, எசெண்டனின் அந்தோணி மெக்டொனால்ட்-டிபுங்வுட்டி ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவர்களில் சிலர் சீக்கிரமே ஊர் திரும்பியதை வைத்து ஒரு புலம்பல் மெல்போர்னில் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருக்கும். வோனியாமிரி 2008-இல் ஆரம்பித்து 2011-ஓடு முடித்துக்கொண்டார். சிரில் நான்கு கோப்பைகளுக்குப் பிறகு, 28 வயதிலேயே, 2018-இல் விலகி டார்வினுக்குப் போய்விட்டார். 'வீட்டு ஏக்கம்', 'வீணான திறமை' என்று எழுதினார்கள். அது மெல்போர்னில் உட்கார்ந்து பார்க்கிற பார்வை. வுருமியங்காவிலிருந்து பார்த்தால், ஒருத்தன் வெளியூர் வேலைக்குப் போனான், சம்பாதித்தான், பெயர் வாங்கினான், அப்பாவும் உறவும் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டான், அவ்வளவுதான். மாரிஸ் ரியோலியும் திரும்பியவர்தான். 1992-இல் சட்டமன்ற உறுப்பினர் ஸ்டான்லி டிபிலூரா இறந்ததால் வந்த இடைத்தேர்தலில் அராஃபுரா தொகுதியில் நின்று வென்று, 2001 வரை பிரதேசச் சட்டமன்றத்தில் இருந்தார். வுருமியங்கா மைதானத்துக்கு அந்த டிபிலூராவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

2006-07 பருவத்தில் இன்னொரு மாற்றம் வந்தது. தீவின் நல்ல ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்த்து திவி பாம்பர்ஸ் என்ற அணி டார்வின் லீக்கில் இறங்கியது. அதுவரை தீவிலிருந்து போனவர்கள் செயின்ட் மேரிஸ் போன்ற டார்வின் கிளப்புகளுக்கு ஆடினார்கள், இப்போது தங்கள் பெயரிலேயே. 2011-12-இல் கோப்பையும் வென்றார்கள். தீவில் அன்று நடந்த கொண்டாட்டத்தை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அணி முழுவதும் கடல் தாண்ட வேண்டும், சிறு விமானக் கட்டணம் சும்மா இல்லை. இரண்டு லீக்கும் ஒரே மாதங்களில் நடப்பதால் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு இரட்டைச் சுமை, ஊர் கிளப்புக்கு அவர்கள் முழுசாகக் கிடைப்பதில்லை. பாம்பர்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்ற நிலை வந்தால், ஏழு கிளப் லீக்கைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்பேன். பாம்பர்ஸில் ஆடுவது முப்பது நாற்பது பேர். ஊர் லீக்கில் ஆடுவது எல்லாரும். முப்பத்தெட்டு வயதுத் தொப்பைக்காரரும் பதினாறு வயதுப் பையனும் ஒரே அணியில் நிற்பது அங்கேதான், சிரில் மாதிரி ஒருவன் சின்ன வயதில் பெரிய ஆட்களோடு முட்டிக் கற்றுக்கொள்வதும் அங்கேதான்.

நேரில் பார்க்க ஆசை என்றால் மார்ச் மாதக் கிராண்ட் ஃபைனல்தான் வழி. வழக்கமாகத் தேவைப்படும் அனுமதிச் சீட்டு அந்த ஒரு நாள் பார்வையாளர்களுக்குத் தேவையில்லை. டார்வினிலிருந்து படகில் சுமார் இரண்டரை மணி நேரம், சிறு விமானத்தில் அரை மணிக்குள். ஆயிரக்கணக்கில் வெளியாட்கள் வருவார்கள்; ஊர் மக்களைவிட விருந்தாளிகள் அதிகமோ என்று தோன்றும். அன்றே ஓவிய விற்பனையும் நடக்கும். காவி, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மண் வண்ணங்களில் புள்ளியும் கோடுமாகத் தீட்டிய மரப்பட்டைகள், செதுக்கிய பறவைகள். காலையிலேயே போனால் நல்லவை கிடைக்கும், ஓவியம் சேகரிப்பவர்கள் பலர் அதற்காகவே முதல் படகைப் பிடிப்பார்கள். அப்புறம் மைதானத்துக்கு வாருங்கள். பெரிய கேலரி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லைக்கோட்டை ஒட்டி, மர நிழலில், தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பந்து சில சமயம் மடியிலேயே வந்து விழும். முகத்தில் கிளப் நிறம் பூசிய குழந்தைகள் கோடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜெயித்த பிறகு குடும்பங்கள் இறங்கி ஆடும் நடனம் ஆட்டத்தைவிட நீளும், அதைப் பார்க்காமல் படகுக்கு ஓடாதீர்கள்.

குடிதண்ணீர், தொப்பி, மழைக்கோட்டு மூன்றும் கொண்டுபோங்கள். மூன்றும் அதே மதியம் தேவைப்படும். மது எடுத்துப்போகக் கூடாது. படகு டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், ஜனவரி, பிப்ரவரியிலேயே விசாரித்துவிடுங்கள். எந்தக் கிளப்புக்குக் கத்துவது என்று தெரியாவிட்டால், நீங்கள் போய் உட்காரும் மரத்தடியில் இருக்கிற பாட்டிமார் யாருக்குக் கத்துகிறார்களோ அவர்களுக்கே கத்துங்கள். அதுதான் பத்திரம்.